துணைக்கு வந்த அக்காவுக்கு

பிளாஸ்க்கின் மூடியைத் திறந்ததும் சுக்கு வாசனை வந்தது அக்கா. நீங்கள் போன பிறகு சோடா உப்புப் போட்டுக் கழுவி, மாடி வெயிலில் கவிழ்த்து வைத்து, உங்கள் வயர் கூடைக்குள்ளேயே போட்டுப் பரணில் ஏற்றியது. அப்படியும் அந்தச் சுக்கு போகவில்லை. ஸ்டூலில் ஏறியவள் இறங்காமல் மூடியை மூக்கருகே பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே நின்ற உங்கள் கொழுந்தனார், "நாளைக்குத்தானே போகணும், இப்பவே ஏன் பரண்ல ஏறி நிக்கிற? விழுந்து வைக்காத" என்றார்.

நாளைக்குப் புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். உடம்பு சரியில்லாத யாருக்கும் துணையாக இல்லை. என்னைப் பரிசோதித்த ரிசல்ட்டை வாங்க. நாலு பேரிடம் பேசிப் பழகிய எனக்கே இதைச் சொல்ல வாய் கூசுகிறது. உங்களிடம் சொன்னால் கூச்சம் போய்விடும் என்று நினைத்துத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் உங்களை நினைத்தாலே எனக்குக் கோபம் வருகிறது, அழுகை வருகிறது, எது முதலில் வருகிறது என்று தெரியவில்லை. அதையும் சேர்த்தே எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாம் இரண்டு பேரும் ஒரே வீட்டுக்கு வாழ வந்தவர்கள். மூத்த மருமகளான நீங்கள் தொட்டியம் பக்கத்து வாழைத்தோட்டத்திலேயே இருந்துவிட்டீர்கள். இளையவளான நான், அவருக்கு வேலை இங்கே என்பதால் ஸ்ரீரங்கத்துக்கு வந்துவிட்டேன். வந்த புதிதில் தனிக்குடித்தனம் என்று எனக்கு ஒரே பெருமை. தனியாவது குடித்தனமாவது! நம் ஊர்ப் பெண்களுக்கெல்லாம் என் வீடு பாதி வழிச் சத்திரம் ஆனது. முசிறி வழியாக வரும் பஸ்ஸில் திருவானைக்கோவிலில் இறங்கி, இந்தக் கூடையைத் தூக்கிக்கொண்டு நீங்கள் முன்னால் வருவீர்கள். தலைசுற்றி, முகம் வெளுத்து, எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி ஒருத்தி பின்னால் வருவாள். இட்லி சாப்பிட்டு, முகம் கழுவிக்கொண்டு, டவுன் பஸ் பிடித்துப் புத்தூருக்குக் கிளம்புவீர்கள்.

கர்ப்பப்பை இறங்கியவள், பிள்ளை தங்காதவள், மார்பில் கட்டி என்று பயந்தவள் என்று எத்தனை பேரைக் கூட்டி வந்திருப்பீர்கள்! பொம்பளைங்க சமாச்சாரம் என்றால் நம் ஊரில் புருஷன் கூட வர மாட்டான். வந்தாலும் ஆஸ்பத்திரி வாசல் டீக்கடையோடு சரி. ஒரு பெண் தனியாகப் போகவும் மாட்டாள். ஆகவே துணைக்கு நீங்கள். வீட்டில் சொல்லிவிட்டு வருவது "மலைக்கோட்டையில ஜாக்கெட் துணி எடுக்கப் போறோம்" என்று. சொன்ன சொல் பொய்யாகக் கூடாதே, அதற்காகத் திரும்பும்போது உண்மையாகவே கடைவீதியில் இறங்கி ஆளுக்கொரு ஜாக்கெட் துணி எடுப்பீர்கள். நம் ஊரில் எவள் பெட்டியில் தைக்காத துணி நிறையக் கிடக்கிறதோ அவள்தான் அதிகம் கஷ்டப்பட்டவள் என்று நான் கேலி செய்வேன். நீங்கள் சிரிப்பீர்கள். உங்கள் பெட்டியிலும் நிறையக் கிடந்ததை நான் பிறகுதான் பார்த்தேன். துணைக்குப் போனவளும் எடுப்பாள் அல்லவா, அதனால் ஒருவருக்கும் எதுவும் தோன்றவில்லை.

ஒருமுறை நானும் டாக்டர் அறைக்குள் வந்தேன், ஞாபகம் இருக்கிறதா? "என்னம்மா செய்யுது?" என்று டாக்டரம்மா கேட்டது நீங்கள் கூட்டி வந்த பெண்ணை. பதில் வந்தது உங்களிடமிருந்து. "இவளுக்கு அடிவயித்துல இழுத்துப் பிடிக்குதாம் டாக்டர். குனிஞ்சு நிமிர முடியலங்கறா. வெள்ளையும் படுது. வெக்கத்துல சொல்ல மாட்டேங்கறா." அந்தப் பெண் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், யாரோ ஒருத்தியைப் பற்றிப் பேசுகிற மாதிரி. வெளியே வந்ததும் நான் பிடித்துக்கொண்டேன்.

"ஏன்க்கா, அவளுக்கு வாய் இல்லையா? எல்லாத்தையும் நீங்களே சொல்றீங்க?"

"வாய் இருக்கும்மா. வார்த்தைதான் இல்ல" என்றீர்கள்.

அன்றைக்கு அதைப் பெரிய தத்துவம் மாதிரி எடுத்துக்கொண்டு அவரிடம் வந்து சொன்னேன். இப்போது அதே வாக்கியம் என்னைப் பிராண்டுகிறது. எல்லோருக்கும் வார்த்தை கொடுத்தீர்களே, உங்களுக்கென்று ஒன்று மிச்சம் வைத்துக்கொள்ளவில்லையா?

செல்வியைக் கூட்டி வந்த நாளைச் சொல்கிறேன். தோட்டத்தில் வாழைத்தார் வெட்டும் மும்முரம். அடுத்த வீட்டுச் செல்விக்கு இடுப்புவலி, வெள்ளைப்படுதல். உங்களைவிடக் கொஞ்சம் இளையவள். முதல் தடவை வந்து பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டுப் போனீர்கள். ரிசல்ட் வாங்க மறுபடி வந்த அன்று, ஆஸ்பத்திரியிலிருந்து நேராக என் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் உட்கார்ந்துவிட்டீர்கள்.

"செல்விக்கு ஒண்ணும் இல்லையாம்மா. வெறும் புண்ணுதானாம். மாத்திரை போட்டா சரியாயிடுமாம்."

சொல்லிவிட்டு முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதீர்கள். செல்வி அழவில்லை. அவள் என் மிக்ஸியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அடேங்கப்பா, நோய் அவளுக்கு, அழுகை உங்களுக்கா? கூடப் பிறந்தவகூட இப்படி அழ மாட்டா!" என்று நான் சீண்டினேன். அன்று நீங்கள் சாப்பிட்ட மாதிரி நான் பார்த்ததே இல்லை. வத்தக்குழம்பை மறுபடி மறுபடி கேட்டு வாங்கினீர்கள். மத்தியானம் குறட்டை விட்டுத் தூங்கினீர்கள். சாயங்காலம் கோயிலுக்குப் போகவேண்டும் என்று அடம்பிடித்து, தாயார் சன்னதியில் கண்ணை மூடியவர் திறக்கவே இல்லை. பின்னால் இருந்தவர்கள், "அம்மா, கொஞ்சம் நகருங்கோ, மத்தவாளும் சேவிக்க வேண்டாமா" என்று சொல்லித்தான் நகர்ந்தீர்கள். வரும் வழியில் செல்விக்குக் கிளிப்பச்சையில் ஒரு ஜாக்கெட் துணி, உங்களுக்கும் அதே நிறத்தில் ஒன்று. எவ்வளவு நல்ல மனசு என்று அன்றிரவு அவரிடம் பெருமையாகச் சொன்னேன்.

அதன் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. உங்கள் மகள் வளைகாப்பில் எல்லோருக்கும் பந்தி பரிமாறிவிட்டு, கொல்லைப்பக்கம் போனவர் அங்கேயே சுருண்டு விழுந்தீர்கள். புடவையெல்லாம் ரத்தம். வேன் வைத்து அதே புத்தூருக்குக் கொண்டுவந்தோம். உங்கள் வீட்டுக்காரர், மூத்தார், வாசல் டீக்கடையில் நிற்காமல் அறைக்குள்ளேயே வந்தார். டாக்டரம்மா உங்களைப் பார்த்ததும் சிரித்துவிட்டார், "என்னம்மா, இன்னிக்கு யாரைக் கூட்டிட்டு வந்திருக்கீங்க?" என்று. பிறகுதான் ஸ்ட்ரெச்சரில் இருப்பது நீங்கள் என்று அவருக்கு உறைத்தது.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்று கேட்டார்.

அக்கா, நீங்கள் மின்விசிறியைப் பார்த்தீர்கள். பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தீர்கள். துணைக்கு வந்தவள்தானே சொல்லவேண்டும்! எனக்கு ஒன்றுமே தெரியாது. "தெரியலையே டாக்டர்" என்றேன். உங்கள் கண்ணில் அப்போது வந்தது ஏமாற்றமா, மன்னிப்பா, என்ன அது? இன்னும் எனக்கு விளங்கவில்லை.

கர்ப்பப்பை வாயில் தொடங்கி எங்கெங்கோ பரவிவிட்டது என்றார்கள். முன்னாலேயே வந்திருந்தால் என்று டாக்டரம்மா ஆரம்பித்தார், முடிக்கவில்லை. கதிர்வீச்சுக் கரண்ட் வைத்தார்கள், மருந்து ஏற்றினார்கள். ஆஸ்பத்திரிக்கும் என் வீட்டுக்குமாக நீங்கள் இருந்த அந்த நாட்களில் இந்தக் கூடையை நான்தான் சுமந்தேன். சுக்குக் காப்பி போட்டால், "கருப்பட்டி பத்தலம்மா" என்பீர்கள். அதைத் தவிர உங்கள் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. கார்த்திகை தீபத்துக்கு ஊருக்குக் கூட்டிப் போகச் சொன்னீர்கள். தீபத்துக்கு முன்பே போய்விட்டீர்கள்.

கருமாதி அன்று கிணற்றடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். செல்வி வந்து பக்கத்தில் குந்தினாள். அண்டாவைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள், தேய்த்த இடத்தையே தேய்த்தாள்.

"சின்னக்கா, ஒண்ணு சொன்னா திட்ட மாட்டீங்களே?"

"சொல்லுடி."

"அன்னிக்கு எனக்காகப் போனோமே, அப்ப பெரியக்கா டாக்டர்கிட்ட என்னென்னவோ சொன்னாங்க. நடுநடுவுல ரத்தம் படுது, வீட்டுக்காரர்கூட இருந்தாலும் படுது, வாடை அடிக்குதுன்னு. எனக்கு அப்படி ஒண்ணுமே கிடையாதுக்கா. வெள்ளை மட்டும்தான். டாக்டர் என்னைப் பாத்து ஆமாவான்னாங்க. பெரியக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நானும் தலைய ஆட்டிட்டேன்."

எனக்குக் கை நின்றுவிட்டது. "அப்புறம்?"

"அப்புறம் என்ன, என்னைப் படுக்கவச்சு டெஸ்ட்டு எடுத்தாங்க. ஒண்ணும் இல்லைன்னு வந்துச்சு. பெரியக்கா டாக்டர் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'அப்ப நான் சொன்னதுக்கெல்லாம் பயப்பட வேண்டாந்தானே? நல்லாப் பாத்தீங்கதானே?'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. மாத்திரை கொடுத்தாங்கள்ல, பஸ்ஸுல வர்றப்ப 'உனக்கு எதுக்குடி இம்புட்டு'ன்னு பாதிய எடுத்து அவங்க சுருக்குப்பையில போட்டுக்கிட்டாங்க."

அடிப் பாவி என்று யாரைச் சொல்வது? செல்வியையா, உங்களையா? அண்டாவைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு வாழைக்குள் போய் நின்று அழுதேன். தாயார் சன்னதியில் கண்ணை மூடி நின்றீர்களே, அது செல்விக்காக இல்லை. வத்தக்குழம்பு, குறட்டை, கிளிப்பச்சைத் துணி, எல்லாம் உங்களுக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்துகொண்ட சந்தோஷம்.

இதுதான் எனக்குப் பிடிபடவில்லை. உங்கள் வலியைச் சொன்னீர்கள், சரி. அவள் உடம்பை அல்லவா பார்த்தார்கள்? அவள் உடம்பு சொன்ன பதில் உங்களுக்கு எப்படிப் பொருந்தும்? நீங்கள் புத்தி இல்லாதவரா? எந்த மாத்திரை எந்த வேளைக்கு என்று ஊருக்கே சொல்லிக் கொடுத்தவர். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்களே, உடம்பையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டீர்களா? இல்லை, பொய் என்று தெரிந்தும் "ஒண்ணும் இல்ல" என்ற சொல்லை ஒரு தடவை காதால் கேட்டுவிட வேண்டும் என்று இருந்ததா?

கிராமத்துப் பெண்களுக்கு மருத்துவம் கிடைப்பதில்லை என்று டிவியில் பேசுவார்கள். பஸ் இல்லை, லேடி டாக்டர் இல்லை, கையில் காசு இல்லை என்பார்கள். எல்லாம் நிஜம்தான். நம் ஊர் சுகாதார நிலையத்துக்கு லேடி டாக்டர் வருகிற கிழமை பார்த்துத்தானே பெண்கள் நோயையே தள்ளிப்போட்டார்கள்! ஆனால் உங்களுக்கு எது இல்லை? பஸ் கண்டக்டருக்கு உங்களைத் தெரியும். நர்ஸ் உங்களை அக்கா என்று கூப்பிடுவாள். டாக்டரம்மா ஒருமுறை, "வந்ததே வந்தீங்க, நீங்களும் ஒருக்கா டெஸ்ட் பண்ணிக்கலாமே" என்று கேட்டது என் காதிலேயே விழுந்தது. "எனக்கென்ன டாக்டர், நான் துணைக்கு வந்தவ" என்று சிரித்தீர்கள். மூத்தாரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தாரைப் பாதியில் விட்டுவிட்டுக் கூட்டி வந்திருப்பார். கதவெல்லாம் திறந்துதான் இருந்தது. அத்தனை பேரை உள்ளே விட்டுவிட்டு நீங்கள் ஏன் வாசலிலேயே நின்றீர்கள்? ஒரு நாள் வெட்கம்தான் காரணம் என்று தோன்றுகிறது. மறுநாள், நீங்கள் படுத்துவிட்டால் ஊர்ப் பெண்களை யார் கூட்டி வருவார்கள் என்று பயந்தீர்களோ என்று தோன்றுகிறது. எதுவும் ஒட்ட மாட்டேன் என்கிறது.

இப்போது என் கதைக்கு வருகிறேன். எனக்குத் தீட்டு நின்று சில வருஷம் ஆகிவிட்டது, உங்களுக்குத் தெரியும். போன மாதம் குளிக்கும்போது பார்த்தேன், ரத்தம். சூடு என்று வெந்தயம் ஊறவைத்துக் குடித்தேன். மறுபடியும் வந்தது. என் மகளோடு படித்த பெண் ஒருத்தி டாக்டராக இருக்கிறாள், அவளுக்கு போன் போட்டேன். என்ன சொன்னேன் தெரியுமா?

"எங்க ஊர்ல ஒரு அம்மாவுக்குப் பாரும்மா, நின்னப்புறம் மறுபடி படுதாம். கேக்கச் சொன்னாங்க."

ஐயோ அக்கா! சத்தியமாக நான் யோசித்துச் சொல்லவில்லை. வாய் திறந்தது, அது வந்து விழுந்தது. "ஆன்ட்டி, அவங்கள உடனே கூட்டிட்டு வரச் சொல்லுங்க, தள்ளிப்போடக் கூடாது" என்றாள். "சரிம்மா, சொல்லிடறேன்" என்று வைத்துவிட்டேன். பிறகு சமையல்கட்டில் நின்று சிரித்தேன். சிரிப்பு எங்கே அழுகையானது என்று தெரியவில்லை. நீங்கள் செய்தது புரிந்துவிட்டதா என்று கேட்டால், இல்லை. நான் செய்ததே எனக்குப் புரியவில்லை. ஆனால் அந்தப் பொய் எவ்வளவு சுகமாக இருந்தது என்று மட்டும் தெரிந்துகொண்டேன். போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் நோய் நிஜமாகவே வேறு யாருக்கோ இருந்தது.

அப்படியே நாளைக் கடத்தினேன். அம்மாமண்டபத்துக் காவிரியில் முழுகிவிட்டுப் போகலாம் என்று வந்த செல்வி, ஈரப்புடவையோடு என் வீட்டுக்கு வந்தாள். காப்பி கொடுத்தேன். டம்ளரை வாங்கியவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"என்ன சின்னக்கா, பெரியக்கா மாதிரியே முழிக்கிறீங்க?"

அவ்வளவுதான், கொட்டிவிட்டேன். அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "கெளம்புங்க. ஜாக்கெட் துணி கதையெல்லாம் வேண்டாம், அண்ணங்கிட்ட சொல்லிட்டே போவோம்" என்றாள். உங்கள் கொழுந்தனாரிடம் சொன்னேன். அவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "ஏன் இவ்வளவு நாள் சொல்லல?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. உங்களிடமும் இருந்திருக்காது என்று அப்போது தோன்றியது. அவர் ஆட்டோ பிடித்து வந்தார்.

அதே டாக்டரம்மா. தலை இன்னும் கொஞ்சம் நரைத்திருந்தது. "சொல்லுங்கம்மா" என்றார். நான் என்ன செய்தேன் தெரியுமா? செல்வியைத் திரும்பிப் பார்த்தேன். செல்வி என்னைப் பார்த்தாள். புடவைத் தலைப்பை எடுத்து வாயில் அழுத்தி வைத்துக்கொண்டாள். தலையை மட்டும் மாட்டேன் என்று ஆட்டினாள். பேசிவிடுவோமோ என்று பயந்து வாயைப் பொத்திக்கொண்ட ஒருத்தியை அன்றுதான் பார்த்தேன்.

டாக்டரம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "யாருக்கும்மா உடம்பு சரியில்ல?"

தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கவேண்டும் என்று கழுத்து தவித்தது. பார்க்கவில்லை.

"எனக்குத்தான் டாக்டர்" என்றேன். குரல் வரவில்லை. இன்னொரு தடவை சொன்னேன்.

படுக்கவைத்துப் பார்த்தார். கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். சின்ன விஷயமாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், வந்தது நல்லது என்றார். வெளியே வந்ததும் செல்வி அழ ஆரம்பித்தாள். "அன்னிக்கு நான் எனக்கு அதெல்லாம் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பெரியக்கா இருந்திருப்பாங்கல்ல?" என்று கேட்டாள். இருந்திருப்பீர்களா? எனக்கு எப்படித் தெரியும்? நீயும் உன் வலிக்குத்தானேடி போனாய் என்று அவளை அணைத்துக்கொண்டேன்.

நாளைக்கு ரிசல்ட். காலை முதல் பஸ்ஸில் வந்துவிடுகிறேன் என்று செல்வி போன் செய்தாள். "துணைக்கு வரேன்க்கா. ஆனா பேச மாட்டேன், நீங்கதான் பேசணும்" என்று மறுபடியும் சொன்னாள். கூடையைத் துடைத்து வைத்துவிட்டேன். பிளாஸ்க், டம்ளர், பழைய வேட்டித்துணி, ஓர் எலுமிச்சம்பழம் எல்லாம் உங்கள் முறைப்படியே இருக்கிறது. சுக்குக் காப்பிக்குக் கருப்பட்டி கூடவே போடுகிறேன்.

பயமாக இருக்கிறது அக்கா. அன்று நீங்கள் கேட்ட அந்த "ஒண்ணும் இல்ல" எனக்கும் வேண்டும், யார் உடம்பிலிருந்து வந்தாலும் பரவாயில்லை என்றுகூட நடுவில் ஒரு நினைப்பு வருகிறது. வரட்டும். உங்கள் கூடையை எடுத்துக்கொண்டு நான்தான் உள்ளே போகப்போகிறேன். நல்லதோ கெட்டதோ, கேள்வி கேட்ட உடம்புக்கே நாளைக்குப் பதில் வரும்.